நம்பர் கிடைக்காத வண்டி

இரண்டாவது பால் கேனையும் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு மாதப்பன் மனைவியைப் பெருமையாகப் பார்த்தான். வண்டியில் புதிதாகப் பூட்டிய கேரியர் அசையவே இல்லை. காசியம்மாள் சிரித்தாள்.

மலையில் பதினோரு வீட்டுப் பால் அது. பாப்பிரெட்டிப்பட்டியில் பால் வேன் சரியாக ஏழரைக்குக் கிளம்பிவிடும். ஏறி இறங்கும் கல்பாதையில் பழைய மொபெட் படுத்துக்கொண்டதில் இந்த மாதம் நாலு நாள் வேனைத் தவறவிட்டான். இன்னொரு நாள் தவறினால் வேலை வேறு ஆளுக்கு என்று டிப்போக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் உழவு மாடு இரண்டையும் விற்று, முந்தாநாள் அரூரில் ராஜாமணி கடையில், கல்லிலும் மேட்டிலும் ஏறும் இந்தப் பழைய டர்ட் பைக்கை வாங்கினான். சந்தையில் சுழி பார்த்து, பல் பிடித்து, நடக்கவிட்டு மாடு வாங்கிப் பழகியவன். வண்டியையும் அப்படித்தான் பார்த்தான். டயரை அழுத்தினான், செயினை இழுத்தான், ஏரிக்கரை மேட்டில் ஏற்றி இறக்கினான். குறை சொல்ல ஒன்றுமில்லை. காகிதம் எதுவும் கேட்கவில்லை. மாடு வாங்கும்போது யார் பத்திரம் கேட்கிறார்கள்? மாமனார் கொடுத்த மொபெட்டுக்கும் புத்தகம் என்று ஒன்றை அவன் கண்ணால் கண்டதில்லை. மலையில் யாரும் கேட்டதுமில்லை.

தார்ரோட்டுக்கு வந்தபோது மணி ஏழு பத்து. அங்கே போலீஸ் நின்றிருந்தது.

"ஆர்சி புக்கு எங்கய்யா?" என்றார் எஸ்.ஐ.

"கடைக்காரரு வச்சிருப்பாருங்க சார். கேட்டுத் தரேனுங்க."

மாதப்பன் கடைக்குப் போன் போட்டதும் எஸ்.ஐ. அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். கடைக்கார ராஜாமணியின் குரல் பதறாமல் வந்தது.

"சார், அது ரேஸ் வண்டிங்க. சொந்த நெலத்துல ஓட்டிக்கலாம். ரோட்டுல ஓட்டுன்னு நான் சொல்லவே இல்லீங்களே."

மாதப்பன் எஸ்.ஐ.யிடம் திரும்பினான். "இப்ப நம்பர் வாங்கிக்கலாங்களா சார்?"

"எந்த ஆபீசுக்குப் போனாலும் இதுக்கு நம்பர் தர மாட்டாங்கய்யா. ஜென்மத்துக்கும் ரோட்டுல ஏத்த முடியாது."

"அப்ப வித்தவரு மேல?"

"வித்தது தப்பில்ல. ஓட்டுனதுதான் தப்பு."

மாடும் போயிற்று, வண்டியும் போயிற்று என்பது மாதப்பனின் மண்டைக்குள் இறங்கவே நேரம் பிடித்தது.

"சார், வேன் போயிரும். பால மட்டும் குடுத்துட்டு ஓடியாந்துடறேனுங்க."

"வண்டி ஒரு அடி நகரக் கூடாது. கேன எறக்கு."

இறுக்கிக் கட்டிய முடிச்சு அவிழ மறுத்தது. ஒருவழியாக இரண்டையும் புளியமரத்தடியில் இறக்கினான். பிறகு ஹேண்டில்பாரைப் பிடித்து, "ஸ்டேஷன் வரைக்கும் நானே தள்ளிட்டு வரேனுங்க" என்றான்.

"நீ எதுக்குத் தள்ளற? விடுய்யா," என்று ஓர் இளம் கான்ஸ்டபிள் அவனை விலக்கிவிட்டு வண்டியில் ஏறினான். "நான் ஓட்டிட்டுப் போயிடறேன் சார்."

"பாத்துப் போ," என்றார் எஸ்.ஐ.

ஒரே உதையில் வண்டி உறுமியது. நடுரோட்டில் முன்சக்கரம் ஒரு முழம் எழும்பி இறங்க, ஹெல்மெட் இல்லாத கான்ஸ்டபிள் வளைவைத் தாண்டிப் பறந்தான். டீக்கடையில் யாரோ விசிலடித்தார்கள். மாதப்பன் இரண்டு கேன்களுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.