பொம்பே மலைக்கு இந்தப் பக்கம்

என் தம்பி தவராசா துவக்கு வாங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் ஒக்லாந்துக்கு வந்தபிறகு, பென்ரோஸ் பண்டகசாலையில் அவனோடு வேலை செய்த வெள்ளைக்காரர்கள் மான் வேட்டைக்குப் போவார்கள். அவர்களோடு இரண்டு தரம் போய்வந்தவன், பிறகு தானே லைசென்ஸுக்கு எழுதிப்போட்டான். பொலிஸ்காரர் ஒருவர் எங்கள் பக்குரங்கா வீட்டுக்கு வந்து, என்னோடும் கதைத்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டுச் சம்மதித்துப் போனார்.

“களவுச் சாமானில்லை அக்கா. லைசென்ஸ் இருக்கு.”

“அத்தானிட்டையும் இருந்ததுதானே,” என்றேன்.

என் கணவர் ஆனந்தராசா கிளிநொச்சி வயலில் பன்றி விரட்டத் துவக்கு வைத்திருந்தார். எண்பத்தைந்தில், திருத்தக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு தவராசாவோடு வரும்போது வீதியில் ஆமிக்காரர்கள் மறித்தார்கள். இருவரும் கையை உயர்த்தியபடி நடந்து போனார்கள். லைசென்ஸைக் கேட்டதும் அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். சுட்டுவிட்டார்கள். தவராசா கையை இறக்கவில்லை. அதனால் எனக்கு ஒரு தம்பியாவது மிஞ்சினான்.

எண்பத்தெட்டு ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, தவராசாவும் பக்கத்து வீட்டு மோகனதாஸும் தௌப்போ காட்டுக்குப் புறப்பட்டார்கள். மோகனதாஸ் ஈப்போவில் பிறந்தவர், எதற்கும் பகிடிதான். போகிற வழியில் என்னை ஹமில்டனில் என் சிநேகிதி ரதிதேவி வீட்டில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. துவக்கு காரின் பின்பெட்டிக்குள் உறையில் கிடந்தது. போல்ட்டைக் கழற்றி வேறு பையில் வைத்திருந்தான். அது இல்லாமல் சுடாது. ரவைகளும் தனியாகப் பூட்டியிருந்தன.

நான் பின்சீற்றிலிருந்து தவராசாவின் பிடரியை முறைத்துக்கொண்டிருந்தேன். மோகனதாஸ் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “மானைச் சுடுறதுக்கு முன்னாடி அக்கா நம்மள முறைச்சே கொன்னுடுவாங்க போல.”

பொம்பே மலையைத் தாண்டினால் ஒக்லாந்து முடிந்துவிடும். அதற்கு முன்னால், ட்ரூரியில் பெற்றோல் அடித்துவிட்டுப் பெருந்தெருவில் ஏறப்போகிற இடத்தில், போக்குவரத்து அதிகாரி ஒருவர் நின்று கார்களை ஒவ்வொன்றாக மறித்துக்கொண்டிருந்தார். ஆட்கள் கண்ணாடியை இறக்கி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்.

தவராசா அவரைக் கண்டதும் தூரத்திலேயே காரை நிறுத்தினான். என்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தான்.

“எங்க போற? டேய், உக்காரு!” என்றார் மோகனதாஸ்.

அவன் இறங்கிவிட்டான். இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தி, வீதியோரமாக அந்த அதிகாரியை நோக்கி நடந்தான். அந்த மனிதர் இரண்டடி பின்வாங்கினார்.

“சேர்,” என்று தவராசா ஆங்கிலத்தில் உரத்துச் சொன்னான், “என்னிடம் துவக்கு இருக்கிறது.”

“ஐயோ, மடையா,” என்றார் மோகனதாஸ். இந்தத் தடவை அது பகிடியில்லை.

அதிகாரி தன் காரின் கதவுக்குப் பின்னால் போய் நின்றார். எங்கே துவக்கு என்று கத்தினார். காரில், என்றான் தவராசா. லைசென்ஸ் இருக்கிறதா? இருக்கிறது சேர். காட்டு.

தவராசாவின் வலது கை இறங்கத் தொடங்கியது. சட்டைப் பையை நோக்கி.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. “எடுக்காதை தம்பி! கையை இறக்காதை!” என்று கத்தியபடி ஓடினேன். அவன் கை பாதியில் நின்று மறுபடி மேலே போனது. பின்னால் வந்த கார் ஒன்று ஹோர்ன் அடித்தது. மோகனதாஸ் ஜன்னலால் தலையை வெளியே நீட்டி, “மான் வேட்டை சேர், மான்!” என்று கூவினார்.

“அந்த அம்மா என்ன சொல்கிறார்?” என்று அதிகாரி கேட்டார்.

“லைசென்ஸை எடுக்க வேண்டாமாம். எடுத்தால் நீங்கள் சுடுவீர்களாம்,” என்றான் தவராசா.

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது அவருக்கு. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். தன் மேல்சட்டையை இருபுறமும் விலக்கி, இடுப்பைச் சுற்றிக் காட்டினார். பெல்ட்டில் ஒன்றுமில்லை.

“என்னிடம் துவக்கு இல்லை என்று அவரிடம் சொல்,” என்றார்.

அந்த வீதியில் துவக்கு வைத்திருந்தவர்கள் நாங்கள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவரே கிட்ட வந்து, கேட்டுவிட்டு, தவராசாவின் பையிலிருந்து லைசென்ஸை எடுத்துப் பார்த்தார். பின்பெட்டியைத் திறந்து உறையைப் பார்த்தார். எல்லாம் சரி என்றார். “அடுத்த முறை சீற்றிலேயே இரு. நாங்கள்தான் உன்னிடம் வருவோம்.” லைசென்ஸைத் திரும்ப அவன் பைக்குள் வைத்துவிட்டு மற்றக் கார்களைப் பார்க்கப் போனார்.

தவராசா இன்னும் கைகளை உயர்த்தியபடியே நின்றான்.

“போகச் சொல்லிப்போட்டார் தம்பி.”

“ஓம் அக்கா,” என்றான். ஆனால் அசையவில்லை.

நான் முழங்கையில் பிடித்து முதலில் ஒரு கையை இறக்கினேன். பிறகு மற்றதை. குளிரில் விறைத்த ஆளின் கைபோல அது மெதுவாகத்தான் வந்தது.