கடைசி இடமும் ரெண்டு மொட்டையும்

திருப்பதி கருடா அணி பதின்மூன்று ஆட்டம் ஆடி முடித்திருந்தது. மூன்றில் சமம், பத்தில் தோல்வி. ஜெயித்தது எத்தனை என்று துர்காதேவியிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்று கிழக்கு கேலரியில் உட்காரும் நாற்பது பேருக்கும் தெரியும்.

துர்காவுக்கு இருபத்தாறு வயது. நகரியில் பவர்லூம் ஓட்டும் வேதாச்சலத்தின் ஒரே மகள். அந்த வம்சத்தில் காலேஜுக்குள் கால் வைத்த முதல் ஆள். எம்.எஸ்ஸி. ஸ்டாடிஸ்டிக்ஸ் முடித்துவிட்டு திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரெகார்டு ரூமில் இருக்கிறாள். எந்த வார்டில் யார் எத்தனை நாள் படுத்திருந்தார்கள் என்று எழுதுவது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே பேனாவோடு மைதானத்துக்கு வந்து, யார் எத்தனை தடவை பந்தைத் தொலைத்தார்கள் என்று எழுதுவாள். இந்த மைதான நோட்டுதான் சீக்கிரம் நிரம்பும்.

கருடா ஒரு பெண்கள் ஃபுட்பால் அணி. லீக்கில் மொத்தம் எட்டு அணிகள். மூன்று வருஷமாக ஏழாவது இடம் அல்லது எட்டாவது இடம், அதற்கு மேலே ஏறியதே இல்லை. ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் மேனேஜ்மென்ட் ஒரு போஸ்டர் போடும்: இந்த சீசன் நமதே. மூன்று வருஷத்துப் போஸ்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, "இதுல ஆறு வித்தியாசம் கண்டுபிடிங்க" என்று எழுதி துர்கா ஃபேஸ்புக்கில் போட்டிருந்தாள். அதற்கு மேனேஜர் வேணுவே லைக் போட்டிருந்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சல். திட்டினால் கோபமாவது வரவேண்டாமா மனுஷனுக்கு?

வேதாச்சலம் ரசிகரான கதை வேறு. முதல் வருஷம் மகளுக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தவர், கேரியரை மைதான கேட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகத்தான் இருந்தார். வெயிலாக இருக்கிறதே என்று துர்கா உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். அன்றைக்கு நாலு கோல் வாங்கித் தோற்றார்கள். வெளியே வரும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்த ஏழாம் நம்பர் பொண்ணு வுழுந்து வுழுந்து எழுந்துக்கினே இருந்துச்சே. அது மறுபடி எப்ப ஆடும்?"

அந்த ஏழாம் நம்பர்தான் கேப்டன் மோகனப்ரியா. அதிலிருந்து திருப்பதியில் ஆட்டம் என்றால் நகரியில் தறி நிற்கும். ரயிலேறி வந்துவிடுவார். இப்போது மோகனப்ரியாவுக்கு முப்பத்திரண்டு வயது. இந்த சீசனோடு முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

பத்தாவது தோல்வி முடிந்த சாயங்காலம் மைதானத்துக்கு வெளியே டீக்கடையில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். துர்கா, வேதாச்சலம், அப்புறம் கௌஸ்துப். கௌஸ்துப் வீட்டில் நாலு தலைமுறையாகப் பெருமாள் கைங்கர்யம். இவன் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் ஒதுங்கியவன். கேலரியில் மேளம் அடிப்பவனும் இவன்தான். அடிக்க ஒரு காரணமும் கிடைக்காமல் அந்த மேளம் மூன்று வருஷமாகப் புதுசாகவே இருந்தது.

கடைக்கு எதிரே மலை தெரிந்தது. வேதாச்சலம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"கடேசி ஆட்டத்துல அந்தப் பொண்ணு ஜெயிச்சிட்டுப் போவட்டும். ஜெயிச்சா மேல வந்து மொட்டை போட்டுக்கறேன்."

"நைனா, வாபஸ் வாங்கு," என்றாள் துர்கா.

"இன்னாத்த?"

"வேண்டுதலை. கடைசி ஆட்டம் நாம தோக்கணும்."

வேதாச்சலம் மகளைப் பார்த்தார். கௌஸ்துபைப் பார்த்தார். "இவளுக்கு வெயில் ஏறிடுச்சாப்பா?"

"இல்ல மாமா. சரியாத்தான் சொல்றா," என்றான் கௌஸ்துப். "டிராஃப்ட்னு ஒண்ணு இருக்கு. புதுசா வர்ற பொண்ணுகளை எட்டு டீமும் வரிசையா எடுத்துக்கணும். யார் கடைசியா வர்றாளோ அவாளுக்குத்தான் முதல் சான்ஸ்."

"கடேசி பெஞ்சுக்கு மொதல் லட்டா? நல்லா கீது."

"லட்டு இல்ல நைனா. யாமினி," என்றாள் துர்கா.

யாமினியை அவள் டிசம்பரில் சித்தூரில் பார்த்திருந்தாள். ஜூனியர் ஆட்டம். புத்தலப்பட்டுப் பெண், பத்தொன்பது வயது, இடது கால். நாலு கோல் அடித்தாள். நாலாவதை அடித்துவிட்டு, கழன்ற ஷூவைத் தேடிக்கொண்டு போனாள். துர்கா நோட்டில் எழுத மறந்துபோன ஒரே ஆட்டம் அது. முடிந்ததும் அந்தப் பெண்ணின் அம்மா கங்கம்மாளைத் தேடிப்போய்ப் பேசினாள். தக்காளித் தோட்டத்திலிருந்து நேரே வந்திருந்த கங்கம்மாள், கையில் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "திருப்பதின்னா ஒரு பஸ்ஸு. காலைல போய்ப் பாத்துட்டு சாயந்திரம் வந்துடுவேன். அதுக்கு மேல தூரம்னா அனுப்ப மாட்டேன். யார் வந்து கேட்டாலும் இதான்."

துர்காவைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். லீக்கில் ஒரு விதி உண்டு. டிராஃப்டில் எடுத்த அணிக்குப் போகமாட்டேன் என்று சொன்னால், இரண்டு வருஷத்துக்கு எந்த அணிக்கும் ஆட முடியாது. வேறு யாராவது யாமினியை முதலில் எடுத்துவிட்டால் கங்கம்மாள் மாட்டேன் என்பாள். இரண்டு வருஷம் கழித்து அந்த இடது கால் எந்த வீட்டுச் சமையலறையில் நிற்குமோ. தனக்குக் கிடைத்த காலேஜ் எத்தனை பேர் மாட்டேன் என்ற பிறகு கிடைத்தது என்று துர்காவுக்கு நன்றாக நினைவிருந்தது.

"அதுக்குத்தான் தோக்கணும்," என்றாள். "யாமினி நமக்கு வரட்டும். வந்தா நான் மொட்டை போட்டுக்கறேன். போதுமா?"

சொன்ன பிறகுதான் கை தானாகப் பின்னலைத் தொட்டது. இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். தன்னிடம் அவள் குறை சொல்லாத ஒரே விஷயம்.

"பெருமாள் என்ன பண்ணுவார் பாவம்," என்றான் கௌஸ்துப். "ஒரே குடும்பம், ஒரே கவுன்டர், ஒருத்தர் ஜெயிக்கணும்னு எழுதித் தர்றார், இன்னொருத்தி தோக்கணும்னு எழுதித் தர்றா."

கடைசி ஆட்டம் நெல்லூர் அணியோடு. நெல்லூருக்கு ஐந்து புள்ளி, கருடாவுக்கு மூன்று. ஜெயித்தால் மூன்று புள்ளி சேர்ந்து ஏழாவது இடம். நெல்லூர் கடைசிக்குப் போய் முதல் ஆளை எடுத்துக்கொள்ளும். சமமானாலும் தோற்றாலும் யாமினி கருடாவுக்கு.

துர்கா வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். நோட்டையும் திறக்கவில்லை. பக்கத்தில் வேதாச்சலம் ஒவ்வொரு பந்துக்கும் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். எண்பது நிமிஷம் வரை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு அணியும் சேர்ந்து பந்தை மைதானத்தில் எல்லா இடத்துக்கும் கொண்டுபோனார்கள், கோல் போஸ்டைத் தவிர. இன்னும் பத்து நிமிஷம் இப்படியே போனால் போதும் என்று துர்கா விரலை மடக்கிக்கொண்டிருந்தாள்.

எண்பத்தாறாவது நிமிஷம் மோகனப்ரியாவிடம் பந்து வந்தது. வேதாச்சலம் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். ஏறின வேகத்தில் வலது கால் செருப்பு எகிறி, நாலு வரிசை கீழே போய் விழுந்தது.

"துர்கா, செருப்பு. புதுசுமே அது."

"சும்மா இருக்க மாட்டியா நைனா நீ?" என்று திட்டிக்கொண்டே அவள் இறங்கினாள். ஒரு குடும்பத்தின் புளிசாதப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் செருப்பு கிடந்தது. குனிந்து எடுத்தாள். எடுத்து நிமிர்வதற்குள் சுற்றிலும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். மேளம் அடிக்கும் சத்தம் கேட்டது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கௌஸ்துப் அதை முழுசாக அடித்தான். முன்பின் தெரியாத ஒரு அம்மா அவளைக் கட்டிப்பிடித்து, புளிசாதக் கையால் முதுகில் தட்டினாள்.

"யார் அடிச்சது? யார் அடிச்சது?" என்று துர்கா கத்திக்கொண்டிருந்தாள். தான் கத்துவது அவளுக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

மூன்று சீசனிலும் சேர்த்து நாற்பத்திரண்டு ஆட்டம் விடாமல் பார்த்தவள் அவள். கருடா ஜெயித்த ஒரே ஆட்டத்தின் ஒரே கோலைப் பார்க்கவில்லை. கையில் செருப்போடு மேலே ஏறி வந்தபோது அப்பா ஒற்றைக்கால் செருப்போடு நின்று, "ஏழாம் நம்பரும்மா" என்று அழுதுகொண்டிருந்தார்.

ரயில்வே ஸ்டேஷன் வரை இரண்டு பேரும் நடந்தே போனார்கள். பிளாட்ஃபாரத்தில் வைத்து அவர் கேட்டார்.

"நான் வேண்டிக்கினது தப்பாம்மா?"

"தப்புதான்."

"சரி."

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு," என்றாள். "மொட்டை எப்ப?"

"உன்னுதும் ஆவட்டும். சேந்தே போவலாம்."

"என்னுது ஆவாது நைனா."

அவர் வண்டி ஏறினார். செருப்பை மட்டும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

டிராஃப்ட் பன்னிரண்டு நாள் கழித்து, மத்தியானம் மூன்று மணிக்கு. ஆஸ்பத்திரி கேன்டீனில், தண்ணி ஜக்கில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு துர்காவும் கௌஸ்துபும் பார்த்தார்கள். கௌஸ்துபின் போனில் வேதாச்சலம் நகரியிலிருந்து லைனில் இருந்தார். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"ஆஃப் பண்ணிட்டுப் பேசு நைனா."

"இது பக்கத்து வூட்டு தறி. அவங்களையுமா நிறுத்தச் சொல்றது?"

முதலில் நெல்லூர். அந்த அணியின் கோச் ஜெகநாதன் மைக்கைப் பிடித்தார். துர்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் திருச்சூரைச் சேர்ந்த ஒரு டிஃபெண்டரின் பெயரைச் சொன்னார்.

துர்கா கண்ணைத் திறந்தாள். "என்ன சொன்னாரு?"

"யாமினி இல்ல. வேற பொண்ணு."

"ஏன்?"

"எனக்கென்ன தெரியும்? அடுத்தது நாம. வேணு சார் வர்றார் பாரு."

அதுதான் இன்னும் பயம். போன வருஷம் இதே வேணு, இரண்டு கோல்கீப்பர் இருக்கும்போது மூன்றாவதாக ஒரு கோல்கீப்பரை எடுத்தவர். திரையில் அவர் பாக்கெட்டைத் தடவினார். "ஒக்க நிமிஷம்," என்றார். பேப்பர் இன்னொரு பாக்கெட்டில் இருந்தது. பிரித்தார், மைக்கில் எதையோ தட்டினார், படித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக்கை அவரே அணைத்துவிட்டிருந்தார்.

"யாரு? யாரைச் சொன்னான் இந்த ஆளு?" துர்கா ஜக்கைப் பிடித்து உலுக்கினாள். போன் மல்லாந்து விழுந்தது. கௌஸ்துப் அதை எடுத்து நிமிர்த்தியபோது திரையில் பெரிய எழுத்தில் பெயர் வந்துவிட்டிருந்தது. யாமினி, புத்தலப்பட்டு.

"நைனா," என்றாள் துர்கா.

"கேட்டுச்சு," என்றார் அவர். "பக்கத்து தறிய நிறுத்திட்டாங்க."

பிறகு ஜெகநாதனிடம் நிருபர்கள் கேட்டார்கள். அவர் தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். முதல் நாளே பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்தாராம். எத்தனை பஸ் மாறவேண்டும் என்று அந்தம்மா கேட்டாராம். ஒரு பஸ், ஒரு ரயில், மறுபடி ஒரு பஸ் என்று இவர் சொல்ல, வேண்டாம் என்று போனை வைத்துவிட்டாராம். வராத பெண்ணை எதற்கு எடுப்பது என்றார்.

துர்கா வாயைப் பிளந்தாள். "முன்னாடியே கேட்டாங்களா? டிராஃப்டுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேக்கறதெல்லாம் உண்டா?"

"எல்லா டீமும் கேக்கும் போலருக்கு," என்றான் கௌஸ்துப். "நமக்குத்தான் தெரியாது."

நாலு மாசமாக அவள் போட்ட கணக்கு அத்தனையும் சரி, ஒன்றைத் தவிர. உலகத்தில் எல்லா மேனேஜ்மென்டும் கருடா மேனேஜ்மென்ட் மாதிரி என்று நினைத்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு அடங்கவே சாயங்காலமாயிற்று.

ராத்திரி அம்மா தேவசேனா போன் செய்தாள். "உங்க நைனா மொட்டை போட்டுக்கட்டும், அதுக்கென்ன, பாதி வழுக்கைதான். நீ பூமுடி குடுத்தா போதும்மே. நாலு முடி கத்தரிச்சுப் போட்டா சாமி ஒத்துக்கும். பொம்பளைங்க அப்டித்தான் குடுக்கறாங்க."

"மொட்டைன்னுதான் சொன்னேன்மா."

"கோவத்துல சொன்னே."

"எப்டி சொன்னா இன்னா? சொல்லிட்டு செய்யாம போஸ்டர் ஒட்றதுக்கு நான் இன்னா வேணுவா?"

"ரெண்டு மொட்டைங்களும் வூட்டுப் பக்கம் வராதீங்க," என்று தேவசேனா போனை வைத்தாள். வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டு, தலையில் நல்ல சந்தனமாகப் பார்த்துத் தடவிக்கொள், வெயிலில் தோல் உரியும் என்றாள்.

மறு வாரம் சனிக்கிழமை விடியலில் இரண்டு பேரும் மலை ஏறினார்கள். டோக்கனும் அரை பிளேடும் வாங்கிக்கொண்டு துர்கா பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். மழிக்கும் அம்மா பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்து, இவ்வளவையுமா என்று கேட்டாள். இவ்வளவையும்தான் என்றாள் துர்கா. தண்ணீர் தலையில் விழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். முதல் இழுப்பில் பிளேடு சில்லென்றது. அப்புறம் காற்று பட ஆரம்பித்தது. வெளியே வந்தால் அப்பா ஏற்கெனவே சந்தனம் பூசிக்கொண்டு நின்றிருந்தார். மகளின் தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மண்டை உங்க அம்மாவோடது. நல்ல உருண்டை."

தரிசனம் முடித்துக் கீழே இறங்கியதும் நகரி ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. யாரும் சொல்லாமலே இரண்டு பேரும் மைதானத்துக்கு ஆட்டோ பிடித்தார்கள்.

புதுப் பெண்களுக்கு முதல் நாள் பயிற்சி. மோகனப்ரியா கழுத்தில் விசிலோடு நின்றிருந்தாள். ஆட்டத்தை விட்டவள், மைதானத்தை விடவில்லை. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் மரநிழலில் கங்கம்மாள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே பஸ்ஸில் வந்திருப்பாள்.

யாமினி ஓடிவந்து இடது காலால் முதல் பந்தை அடித்தாள். அது போஸ்டுக்கு மேலே பறந்து, வேலியைத் தாண்டி, வேதாச்சலத்தின் காலடியில் வந்து விழுந்தது.

"ஆரம்பிச்சாச்சு," என்றார் அவர் சந்தோஷமாக.

பந்தை வாங்க யாமினியே ஓடிவந்தாள். சந்தனம் பூசிய இரண்டு மொட்டைகளைக் கண்டதும் நின்றாள். சித்தூரில் பேசிய அக்கா இவள்தான் என்று அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"மலைக்குப் போய்ட்டு வர்றீங்களாக்கா? முடி முழுசா குடுத்துட்டீங்களா? இன்னா வேண்டிக்கினீங்க?"

வேதாச்சலம் வாயைத் திறந்தார். துர்கா அவர் காலை மிதித்தாள்.

"ஒரு பரீட்சை," என்றாள். பந்தை வேலிக்கு மேலே தூக்கிப் போட்டாள். "பாஸாயிட்டேன். நீ அடிக்கறப்ப உடம்பைப் பின்னாடி சாய்க்காத. அதான் மேல போவுது. போ, இன்னொரு தடவ அடி."

யாமினி திரும்பி ஓடினாள். துர்கா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டாள்.