வழியனுப்பு விழா

தகுதிச் சுற்றுக்குக் கையெழுத்துப் போடும் தாளில் அவள் பெயர் இல்லை. மேலிருந்து கீழாக இரண்டு முறை விரல் வைத்துப் பார்த்துவிட்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் பெண் முகமெல்லாம் சிரிப்பாக, "உங்களுக்கு எதுக்கு மேடம் இது? உங்களைத்தான் நேரா மெயின் டிராவுல போட்டாச்சே. வைல்ட் கார்டு" என்றாள். போட்டி இயக்குநர் உள்ளே காத்திருக்கிறார், ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகச் சொன்னார் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

முப்பத்தொன்பது வயதில் வலிய வந்து கிடைக்கும் எதையும் அவள் சட்டென்று நம்புவதில்லை. உலகத் தரவரிசையில் நூற்று எழுபத்தொன்றாம் இடம். தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் வென்றால்தான் பிரதான சுற்றுக்குள் கால் வைக்க முடியும். நான்கு வருடமாக ஊர் ஊராக அப்படித்தான் முண்டியடித்து நுழைந்துகொண்டிருக்கிறாள். டென்னிஸ் வட்டாரத்தில் அவளுக்கு உடும்பு என்று பெயர். பத்தொன்பது வயதில், கைவிட்டுப் போயிருக்க வேண்டிய ஓர் ஆட்டத்தை மூன்றே முக்கால் மணி நேரம் பிடித்து வைத்திருந்து ஜெயித்த அன்று யாரோ வைத்தது. இப்போதெல்லாம் சின்னப் பெண்கள் மரியாதையாக உடும்பக்கா என்கிறார்கள்.

இயக்குநர் ஐம்பதைத் தாண்டியவர், அவரும் ஒரு காலத்தில் ஆடியவர். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். மெல்லிய இசையோடு அவளுடைய பழைய படங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. இருபத்திரண்டு வயதில் இதே மைதானத்தில் கோப்பையை அவள் தூக்கிய படத்தில் மட்டும் காட்சி கொஞ்சம் நின்று நகர்ந்தது. முதல் நாள் மாலை, நடு மைதானத்தில், அவள் ஆட்டம் முடிந்ததும் இருபது நிமிட வழியனுப்பு விழா என்றார். மலர்க்கொத்து, இந்தப் படக்காட்சி, பிறகு அவள் மூன்று நிமிடம் பேசலாம். முடிவு எப்படி இருந்தாலும் விழா நடக்கும் என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னபோதுதான், தான் தோற்பதையும் சேர்த்தே நிகழ்ச்சி நிரலில் போட்டுவிட்டார்கள் என்பது அவளுக்கு உறைத்தது.

"நான் நிறுத்தப் போறேன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அவர் முகம் மாறியது. "உங்க தம்பிதான் மேடம். போன வாரம் பேசினார். உங்களுக்கும் சம்மதம்னுதானே சொன்னார்."

தம்பி பயிற்சி மைதானத்தில் குனிந்து பந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். அவனும் ஆடியவன்தான், அவளைவிட நன்றாக ஆடியவன் என்று அவர்களுடைய அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இருபத்து நாலில் தோள்பட்டை கைகொடுக்காமல் போனதும் ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அக்காவோடு கிளம்பினான். பன்னிரண்டு வருடமாக அவளுக்குப் பயிற்சியாளர் அவன், சமையல்காரன் அவன். டிக்கெட் போடுவது, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவது, காலையில் அவள் கணுக்காலுக்குப் பட்டி சுற்றுவது எல்லாம் அவன்தான்.

நடந்து வரும்போதே அவள் பதில்களை அடுக்கி வைத்திருந்தாள். முழங்காலைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்தாள். போன வருடம் ஸ்கேன் பார்த்த டாக்டரே, இது முப்பது வயசு முட்டி என்று சொன்னதை எடுத்துப் போடலாம். வருடத்துக்கு இருபத்தெட்டுப் போட்டி ஆடிய காலம் போய் இப்போது பதினாலுதான். ஆறு மணி நேரப் பயிற்சி இரண்டரையாகிவிட்டது, மிச்ச நேரம் எடை தூக்குவதும் ஒன்பது மணி நேரத் தூக்கமும். அவள் ஆட வந்த புதிதில் முப்பது தாண்டியவளை ஏதோ நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். இன்று அவளுக்கு மேலே இருக்கிற நூற்று எழுபது பேரில் எத்தனை பேர் முப்பதைத் தாண்டியவர்கள் என்று அவனை வைத்தே எண்ணச் சொல்லலாம்.

அவள் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவன் கூடையைக் கீழே வைத்தான்.

"உனக்கு முடியலைன்னு நான் எங்கேயும் சொல்லலையே அக்கா. எனக்குத்தான் முடியல."

அவன் வலைக்கம்பியைப் பார்த்தபடி மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனான். போன வருடம் வீட்டில் தூங்கிய இரவுகள் எழுபத்து மூன்று. ஆறு வயது மகள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் போனில்தான் பார்த்தான். "தினம் போன் பண்ணும்போது ஒரே கேள்விதான் கேக்குறா. அத்தை இன்னைக்குத் தோத்துட்டாங்களாப்பா? நீ தோத்தா நான் வீட்டுக்கு வருவேன்னு அவளுக்குத் தெரியும்."

அவள் பந்துக்கூடைமேல் உட்கார்ந்துவிட்டாள். இதை நேராகத் தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். அவள் குரலில் கோபம் இருந்தது, தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டானே என்கிற கோபம்.

"சொன்னா ஒண்ணு நீ ஆட்டத்தை விட்டுருவே. இல்லேன்னா என்னை விட்டுருவே. ரெண்டையும் பக்கத்துல நின்னு பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. அவங்களா பூ குடுத்து அனுப்பிச்சிட்டா நல்லா இருக்கும்னு நினைச்சேன்."

குனிந்திருந்த அவன் தலையின் பின்பக்கம் முழுக்க நரைத்திருந்தது. கணுக்காலுக்குப் பட்டி சுற்றும்போது தினமும் அவள் கண்ணெதிரே இருந்த தலைதான். தனக்கு மூன்று வயது சின்னவன் என்பதை அவள் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தன் உடம்பில் ஏறாத வயதெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று இத்தனை வருடத்தில் அவள் யோசித்ததே இல்லை. தூக்கம், தசை, மூட்டு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தார்கள், இருவரும் சேர்ந்து, அவளுக்கு மட்டும்.

"நீ நாளைக்குக் காலைல ஊருக்குக் கிளம்பு" என்றாள்.

"தனியா என்ன பண்ணுவே?"

"தோப்பேன். இல்லேன்னா ஜெயிப்பேன். ரெண்டுமே எனக்குத் தெரிஞ்ச வேலைதான்."

கையெழுத்துப் போட ஆறு மணி வரை நேரம் இருந்தது. மறுபடி போய் வைல்ட் கார்டு வேண்டாம், தகுதிச் சுற்றிலேயே ஆடிக்கொள்கிறேன் என்று அவள் சொன்னதும், இயக்குநர் அவளை நல்ல மனதோடுதான் தடுத்துப் பார்த்தார். முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டால் பிரதான சுற்றும் இல்லை, விழாவும் இல்லை. கடைக்கோடி மைதானத்தில், பார்க்க ஆளில்லாமல் முடிந்துவிடும். அப்படிப் போக வேண்டியவர் இல்லை நீங்கள் என்றார். "எனக்கு இருபத்தொம்பது வயசுல செஞ்சாங்க மேடம். மைதானமே எழுந்து நின்னு கை தட்டுச்சு. நல்லாத்தான் இருந்தது."

"மறுநாள் காலைல எழுந்து என்ன சார் செஞ்சீங்க?"

அவர் பேனாவை மூடித் திறந்தார்.

"இங்க ஜெயிச்சப்ப எனக்குக் கால் மட்டும்தான் இருந்துச்சு சார். எதுக்கு ஓடுறோம்னே தெரியாம ஓடினேன். பந்து எங்க வரும்னு எதிராளிக்கு முன்னாடி எனக்குத் தெரியறது இந்த மூணு வருஷமாத்தான். இப்பதான் எனக்கு ஆடவே வந்திருக்கு. இப்பப் போய், போயிட்டு வாங்கன்னா எப்படி?"

அவர் எழுத்தரைக் கூப்பிட்டுத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். அவள் தன் பெயரைத் தானே எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

காலையில் தம்பி ஓட்டல் அறையிலிருந்து கிளம்பினான். புது நரம்பு கட்டிய நாலு ராக்கெட்டை அவள் பையில் வைத்திருந்தான். எதில் எவ்வளவு இறுக்கம் என்று சொல்ல ஆரம்பித்தவன், உனக்கே தெரியும் என்று நிறுத்திக்கொண்டான். லிஃப்ட் வந்ததும் அவள் சொன்னாள். "அவகிட்ட சொல்லு. இனிமே அத்தை ஜெயிச்சாலும் அப்பா வீட்லதான்." அவன் தலையை ஆட்டினான். கதவு மூடிக்கொண்டது.

கணுக்காலுக்கு அவளே பட்டி சுற்றிக்கொண்டாள். முதல் முறை சுருக்கம் விழுந்தது. இரண்டாவது முறை இறுக்கிவிட்டாள், பாதம் மரத்தது. மூன்றாவது முறை பரவாயில்லை. உடை மாற்றும் அறையில், அன்றைக்கு அவளோடு ஆட வேண்டிய பதினெட்டு வயதுப் பெண், "ஆன்ட்டி, இந்த லாக்கர் உங்களுதா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தக் கணமே அவளுக்குப் பாதித் தெம்பு வந்துவிட்டது.

வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய ஒன்பதாம் மைதானம். பார்க்க வந்தவர்கள் பதினைந்து பேர் இருப்பார்கள், அதில் பாதி அந்தப் பெண்ணின் வீட்டார். முதல் செட் இருபத்தாறு நிமிடத்தில் ஆறுக்கு இரண்டு என்று போய்விட்டது. அந்தப் பெண் அடித்த பந்துகள் தரையில் பட்டுச் சீறின. பழக்க தோஷத்தில் அவள் ஓரத்து நாற்காலியைப் பார்த்தாள். அதில் யாருடைய குடையோ கிடந்தது. வழக்கமாக இந்த இடத்தில் தம்பி மூக்கைத் தடவுவான், கொஞ்சம் பொறு என்று அர்த்தம். அவள் தன் மூக்கைத் தானே தடவிக்கொண்டாள், சிரிப்பு வந்தது.

இரண்டாவது செட்டில் வேகத்தை நிறுத்தினாள். கொடுத்தால்தானே திருப்பி அடிப்பாள். முப்பத்தாறு வயதில் கற்றுக்கொண்ட பேக்ஹேண்ட் ஸ்லைஸ் ஒன்று அவளிடம் இருந்தது. பந்து தரையில் விழுந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும், எதிராளி முட்டியை மடக்கிக் குனிந்துதான் தோண்டி எடுக்க வேண்டும். அந்தப் பெண்ணை அவள் நாற்பது முறை குனிய வைத்தாள், ஐம்பது முறை குனிய வைத்தாள். குனிந்தவளை வலைக்கு இழுத்தாள், வந்தவளின் தலைக்கு மேலே தூக்கிப்போட்டு விரட்டினாள். ஏழுக்கு ஐந்து. கம்பி வேலிக்கு வெளியே, வண்டி எடுக்க வந்தவர்கள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார்கள்.

மூன்றாவது செட் ஐந்துக்கு நான்கு என்று, இன்னும் ஒரு கேம் வென்றால் போதும் என்கிற நிலையில், அவள் பக்கம் வந்தபோது இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவளுக்கும் தொடை தீயாய் எரிந்தது, கட்டைவிரல் நகம் பெயர்ந்து காலுறை சிவந்திருந்தது. பக்கம் மாறும் இடைவேளையில் அந்தப் பெண் நாற்காலிக்குப் போய்ச் சேரவில்லை. பாதி வழியில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். பிசியோ ஓடிவந்து காலை நீட்டி அமுக்கிவிட்டார். வீட்டார் எழுந்து நின்றார்கள்.

நடுவர் தன் உயரமான நாற்காலியிலிருந்து குனிந்து, "நீங்க உட்காரலாமே, இன்னும் நேரம் இருக்கு" என்றார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் மட்டும் குடித்தாள். இப்போது உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். அதை மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நேராகப் பின்கோட்டுக்குப் போய், வெயிலில், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெல்லக் குதித்தபடி நின்றாள்.

நேரம் முடிந்தது என்று நடுவர் அறிவித்தார். அந்தப் பெண் எழுந்தாள், ஒரு காலை இழுத்தபடி வந்து நின்றாள், சர்வ் போடப் பந்தைத் தரையில் தட்டினாள். ஒருகணம் இருவரும் வலைக்கு மேலே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல பெண். இன்னும் இருபது வருடம் ஆடுவாள்.

பந்து மேலே எழுந்தது. அதை எதிர்கொள்ள அவள் பின்கோட்டைத் தாண்டி ஓர் அடி முன்னே வந்தாள்.