புகாரில் வந்த பெயர்

உப்பலில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. பெண்களின் புகார்களை விசாரிக்கும் குழுவுக்கு டோரிஸ்தான் தலைவி. புகார் சொல்ல வந்த பேக்கிங் பிரிவு மைதிலியை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள்.

"கையைப் பிடிச்சு இழுத்தது யாரும்மா?"

"ஸ்டோர்ஸ் ரயான் சார், மேடம்."

ரயான் டோரிஸின் கூடப்பிறந்த தம்பி. மைதிலிக்கு அது தெரியாது.

டோரிஸ் பேனாவை மூடிவைத்தாள். "அவன் என் தம்பிம்மா. இதை நான் விசாரிக்கக் கூடாது."

மைதிலி வெளிறிப்போனாள். "அப்போ என் கம்ப்ளைன்ட் அவ்வளவுதானா?"

"இல்ல. நான் மட்டும்தான் விலகுறேன். வேற ஒருத்தர் விசாரிப்பாங்க."

மைதிலி போனதும் ரயான் போன் செய்தான். "அக்கா, மைதிலி உன் ரூமுக்கு வந்தாளாமே, என்ன சொன்னா?"

"என்கிட்ட எதுவும் கேக்காதே."

போனை வைத்தவள், மைதிலியின் புகாரை வேறொருவர் விசாரிக்கட்டும் என்று கடிதம் எழுத ஆரம்பித்தாள்.