வீட்ல இல்ல

கப்பலில் ஏறிய முதல் நாள் மதியம், கீழ்த்தளத்தில் ஊழியர்கள் சாப்பிடும் அறையில், பெரிய சமையல்காரர் தன் கையாலேயே மைக்செட்காரருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். புதிதாக வந்த ஆளை விசாரிக்காமல் விட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"வீட்ல என்ன பண்றாங்க?"

மைக்செட்காரர் வாயில் இருந்ததை விழுங்கினார். "வீட்ல இல்ல" என்றார்.

நம் பேச்சில் 'வீட்ல' என்றால் சுவரும் கூரையும் அல்ல, மனைவி. 'இல்ல' என்றால் கேட்கிறவர் முகத்தைப் பொறுத்தது. அவளைத் தெரிந்த ஊரில் அவர் இப்படிச் சொல்லியிருந்தால், எதிரில் இருப்பவர் கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்திருப்பார். சமையல்காரருக்கு அவளைத் தெரியாது. அவர் காதில் விழுந்தது வேறு.

"அட! இத்தனை வயசு வரைக்கும் யார் கையிலயும் மாட்டாம தப்பிச்சிட்டீங்களா? பலே ஆளு!" என்று மேஜையைத் தட்டினார். "எல்லாரும் இங்க பாருங்கப்பா, நம்ம கப்பலுக்கு ஒரு மாப்ள வந்திருக்கார்!"

நாலு மேஜையிலிருந்தும் சிரிப்பு வந்தது. மைக்செட்காரர் திருத்துவதற்காக வாயைத் திறந்தார். தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு விழுந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் பெயர் மாப்ள.

அது படிப்புக் கப்பல். கோடை முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போகும். கடலில் இருக்கும்போது பாடம், கரை வந்தால் ஊர் சுற்றல். மைக்கும் ஒலிபெருக்கியும் திரையில் படம் காட்டும் புரொஜெக்டரும் மைக்செட்காரர் பொறுப்பு. கரையில் ஒரு கல்லூரியில் இதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி போன பிறகு, விடுமுறை நெருங்க நெருங்க அவருடைய அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. "சுவத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பே. கிளம்பு" என்று பெட்டியைக் கட்டிக் கொடுத்தவள் அவள்தான்.

ஏன் திருத்தவில்லை என்று பின்னால் அவரே யோசித்துப் பார்த்திருக்கிறார். கரையில் அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு பாதியில் நிற்கும். சட்டை அளவெடுக்கிற தையல்காரர்கூட ஆஸ்பத்திரி வார்டில் நிற்பவர்போல் குரலைத் தாழ்த்திக்கொள்வார். இந்தக் கப்பலில் யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. முதுகில் அடித்தார்கள், வழியை மறித்தார்கள், "தொப்பையைக் குறைங்க மாப்ள, போட்டோவில தெரியும்" என்றார்கள். அது சௌகரியமாக இருந்தது.

ஆனால் அந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலை இருந்தது. அவரோடு ஒரே கூரையின்கீழ் இத்தனை வருஷம் வாழ்ந்தவள் இந்தக் கப்பலில் பிறக்கவே இல்லை. அது அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததே தவிர வலிக்கவில்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தார் மனிதர். தட்டினால் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

வேலை இருந்தது, செய்தார். அலை பெரிதானால் நாற்காலிக் கால்களைத் தரையிலுள்ள கொக்கிகளில் மாட்ட வேண்டும். மேஜைமேல் இருக்கும் எல்லாவற்றையும் பிசின் நாடாவால் ஒட்ட வேண்டும். பேராசிரியர் ஒரு கையால் தூணைக் கட்டிக்கொண்டு மறு கையால் உலகப் பொருளாதாரத்தை விளக்குவார். பிள்ளைகள் கேள்வித்தாளோடு வாந்திப் பையையும் வாங்கிக்கொண்டு உட்காருவார்கள். பரீட்சை நடுவே ஒருத்தி பைக்குள் முகத்தைப் புதைத்துவிட்டு, நிமிர்ந்து, "சார், நேரம் சேர்த்துத் தருவீங்களா?" என்று மைக்செட்காரரைப் பார்த்துக் கேட்டாள். மைக்கைக் கையில் வைத்திருக்கிறவர்தான் பெரியவர் என்று நினைத்துவிட்டாள் போல.

கரை வந்தால் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மைக்செட்காரர் இறங்க மாட்டார். காலி வகுப்பறையில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார்.

பாதிக் கோடை போயிருக்கும். சமையலறை ஒலிபெருக்கி கரகரக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஏணியில் ஏறி அதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கீழிருந்து சமையல்காரர் போனை நீட்டினார்.

"பாருங்க. என் மச்சினி. சம்சாரத்தோட கூடப் பிறந்த தங்கச்சி. லேப்ல ரத்தம் எடுக்கிற வேலை. அவ ஊசி போட்டா போட்டதே தெரியாது. அவளுக்கும் ஒண்ணும் அமையலை, வருஷம் ஓடிப்போச்சு. நம்ம கடைசித் துறைமுகம் இருக்கே, அதுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கா. என்ன சொல்றீங்க?"

மைக்செட்காரர் வாயில் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டிருந்தார். அவற்றை எடுத்துவிட்டு, "பார்க்கலாம்ணே" என்றார்.

விருப்பமில்லாத எதையும் மரியாதையாகத் தள்ளிப்போட நம்மிடம் இருக்கும் சொல் அதுதான். கடன் கேட்டால் பார்க்கலாம், கூட்டத்துக்கு அழைத்தால் பார்க்கலாம். ஆனால் பெண்ணின் படத்தைக் காட்டிக் கேட்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. மறுநாள் காலையிலேயே சமையல்காரர் தோசைத் திருப்பியை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"சொல்லிட்டேன் மாப்ள. பார்க்கணும்னு நீங்களே ஆசைப்பட்டதா சொன்னேன். அவ லீவு போட்டுட்டா!"

அடுத்த துறைமுகத்தில், கப்பலைவிட்டு இறங்காமலே அக்காவுக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னார். அக்கா கடைசிவரை கேட்டாள்.

"நீ இன்னொருத்தியைக் கட்டிக்க, கட்டிக்காமப் போ. அது உன் இஷ்டம். ஆனா இருந்தவளை இல்லவே இல்லைன்னு ஆக்கிட்டியேடா."

"நான் ஆக்கலைக்கா. தானா ஆயிடுச்சு."

"வாயைத் திறந்திருந்தா ஆகியிருக்காது" என்று போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த சலவை நாளில்தான் லாண்டரி அக்காவிடம் மாட்டிக்கொண்டார். கப்பல் முழுக்கத் துணி துவைக்கிற பெண்மணி அவர். நீராவியிலேயே நின்று நின்று முகம் எப்போதும் சிவந்திருக்கும். ஊழியர்கள் அவரவர் போர்வையை அவரவரே மடித்து எடுத்துப்போக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். மைக்செட்காரர் உலர்த்தியிலிருந்து தன் போர்வையை உருவினார். இரண்டு முனைகளைத் தன் கையில் வைத்துக்கொண்டு, மீதியை முன்னால் வீசி நீட்டி, அப்படியே நின்றார்.

"யாருக்காக நிக்கிறீங்க மாப்ள?" என்றார் லாண்டரி அக்கா.

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

அக்கா வந்து எதிர் முனைகளைப் பிடித்தார். இருவரும் இழுத்து உதறினார்கள். கிட்டே வந்து முனையோடு முனை சேர்த்தார்கள். விலகி மறுபடி இழுத்தார்கள். எந்தக் கை மேலே போகும், எது கீழே வரும் என்று மைக்செட்காரர் கேட்கவே இல்லை.

"தனி ஆளு தாடையில இடுக்கிக்கிட்டு மடிப்பான். இல்லைன்னா சுருட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுவான். நீங்க எதிர்ல ஆள் நிக்கிற மாதிரி நீட்டுறீங்க. யாரு கூட மடிச்சுப் பழக்கம்?"

"எங்க வீட்ல."

"இப்ப?"

"இல்ல."

அதே சொல்தான். அக்காவுக்கு அது சரியாகப் போய்ச் சேர்ந்தது. மடித்த போர்வையை அவர் கையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினார். குரலைத் தாழ்த்தவில்லை, இயந்திரங்கள் ஓடும் இடத்தில் அது முடியாது.

"அந்தச் சட்டிப்பானைக்காரன் கப்பல் பூரா தம்பட்டம் அடிச்சாச்சு. அந்தப் பொண்ணு புதுச் செருப்பு வாங்கியிருக்காளாம், அதையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்றேன்க்கா."

"சொல்லுங்க. செருப்பு வாங்கினவளுக்காகவாவது சொல்லுங்க."

சொல்லிப் பார்த்தார். முதலில் காலி வகுப்பறையில், மைக்கிடம். தினமும் காலையில் மைக்கைச் சோதிக்க ஏதாவது பேசித்தான் ஆக வேண்டும். அன்று, "என் மனைவி செத்துப்போயிட்டா" என்றார். ஒலிபெருக்கியில் அது தெளிவாக வந்தது. 'ப்' மட்டும் கொஞ்சம் வெடித்தது. மைக்கை இரண்டு விரல் தள்ளி வைத்து மறுபடி சொன்னார். இப்போது சரியாக இருந்தது. அடுத்த அறைக்குப் போனார்.

பிறகு சமையலறையில். "அண்ணே, ஒரு விஷயம்."

"சட்டைதானே? வெளிர் நிறமா போடுங்க. முகம் எடுப்பா இருக்கும்."

"அதில்லண்ணே. கல்யாண விஷயம்…"

"ஏம்ப்பா, மாப்ளைக்கு வெட்கத்தைப் பாரேன்!" என்றார் சமையல்காரர். காய் நறுக்குகிறவர்கள் எல்லோரும் கத்தியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மைக்செட்காரரும் சிரித்தார். தன் வாய் சிரிப்பது யாரோ ஒருவருடைய வாய் சிரிப்பதுபோல இருந்தது.

கடைசித் துறைமுகம் வந்துவிட்டது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே பெட்டிகளை உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். இந்தக் கோடையில் அவர் முதல்முறையாகக் கரையில் கால் வைத்தார். தரை ஆடியது.

துறைமுக வாசலுக்கு எதிரே டீக்கடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். செருப்பு கடித்திருக்க வேண்டும், மேஜைக்கடியில் கழற்றி விட்டிருந்தாள். இவரைக் கண்டதும் அவசரமாகக் காலை நுழைத்துக்கொண்டாள்.

"நீங்கதானே மைக்செட்? அத்தான் சொன்னதைவிட ஒல்லியாத்தான் இருக்கீங்க. டீ சொல்லவா?"

"முதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் அவர். நின்றுகொண்டே சொன்னார். "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

அவள் பையை எடுத்து மடியில் வைத்தாள். "என்னது? பொண்டாட்டியை வெச்சுக்கிட்டா என்னை வரச் சொன்னீங்க?"

"இல்லைங்க…"

"என்ன இல்லைங்க? இருங்க, அத்தானுக்குப் போன் போடறேன். நல்லா ஆள் பிடிச்சாரு!"

"செத்துப்போயிட்டா" என்றார். "என் மனைவி செத்துப்போயிட்டா. போன வருஷம். காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனா."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். மைக்கில்லாமல், காது கேட்கிற ஒரு மனுஷியிடம் அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். "உட்காருங்க" என்றாள். பிறகு, "அத்தான்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். வீட்ல இல்லன்னு."

அவள் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அத்தானுக்குத் தனக்கு வேண்டியதுதான் காதுல விழும். சரி, அது முதல் நாள். அதுக்கப்புறம் எத்தனை நாள் இருந்துச்சு? நான் பஸ் மாறி பஸ் மாறி வந்திருக்கேன். லேப்ல கூட வேலை செய்றவங்க எல்லாருக்கும் சொல்லிட்டு வந்திருக்கேன். நாளைக்குப் போய் என்னன்னு சொல்றது?"

"தப்புதாங்க."

"தப்புதான்" என்றாள் அவளும். கோபம் போகவில்லை. செருப்பைக் காலாலேயே தள்ளிவிட்டாள், இந்தத் தடவை மறைக்கவில்லை.

டீ வந்தது. பாதி குடித்த பிறகு அவள் கேட்டாள். "என்ன பண்ணிட்டிருந்தாங்க அவங்க?"

"மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை. லென்ஸ் பொருத்துவா." அதோடு நிறுத்தத்தான் நினைத்தார். வாய் நிற்கவில்லை. "எதிர்ல நிக்கிறவங்க கண்ணாடி அழுக்கா இருந்தா அவளுக்குப் பொறுக்காது. பேசிக்கிட்டே கழற்றித் துடைச்சு மாட்டி விட்டுடுவா. ஒரு தடவை பஸ் கண்டக்டருக்கே செஞ்சுட்டா. அந்த ஆளு விசிலை வாயில வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறார். பஸ் கிளம்பலை. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். இவ சொல்றா, 'இப்பப் பாருங்க, சில்லறை இருக்கான்னு நல்லாத் தெரியும்'னு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. எதுவும் தோன்றவுமில்லை. சொன்னது மட்டும் சரியாக இருந்தது என்று பட்டது.

எழுந்திருக்கும்போது அவள், "அத்தான்கிட்ட நானே பேசிக்கிறேன். நீங்க இன்னொரு தடவை சொல்லிக் கஷ்டப்பட வேண்டாம்" என்றாள்.

"நான்தான் சொல்லணும்."

"அப்ப இன்னிக்கே சொல்லுங்க. பார்க்கலாம்னு சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

கப்பலில் மதியச் சாப்பாடு தொடங்கியிருந்தது. அவர் உள்ளே நுழைந்ததும் சமையல்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "வாங்க மாப்ள! பொண்ணு எப்படி?"

"நல்ல மனுஷிண்ணே. எனக்குத்தான் கல்யாணம் ஆகி, மனைவி செத்துப்போயிட்டா. ஆரம்பத்துலயே தெளிவா சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்."

விரித்த கைகள் மெதுவாக இறங்கின. சமையல்காரர் மேல்துண்டை எடுத்து வாயைத் துடைத்தார், வாயில் ஒன்றும் இல்லாவிட்டாலும். கரையில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் அந்த முகம் அவருக்கும் வந்தது. "என்ன தம்பி இப்படி…" என்று மிக மெதுவாகச் சொன்னார்.

மேஜைக்கு மேஜை சேதி நகர்வது தெரிந்தது. பேச்சு அடங்கியது. யாரோ கரண்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்கள். இனி கப்பலிலும் இப்படித்தான் இருக்கும். லாண்டரி அக்கா மட்டும் நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்க பேரு என்ன தம்பி?" என்றார் சமையல்காரர், அதே தாழ்ந்த குரலில்.

மைக்செட்காரர் சொன்னார். மைக் பிடித்துப் பழகிய குரல், கடைசி மேஜை வரைக்கும் கேட்டது.