முடிவு எழுதாத ஆட்டம்

சின்னக்கா வெளிநாட்டில் செய்த முதல் விளையாட்டை ஆட ஆறு பேர் உட்கார்ந்தபோது மணி பத்து நாற்பது. நான்கு நாள் கழித்து அவர்கள் எழுந்தபோதும் அந்த அறையின் கடிகாரத்தில் பத்து நாற்பதுதான். மேசையில் இருந்த தேநீர் உதட்டைச் சுட்டது. ஆறு பேரில் யாருக்கும் பசியில்லை, தாடி வளரவில்லை, கால் மரத்துப்போகவில்லை. வெளியே மட்டும் திங்கட்கிழமை போய் வெள்ளிக்கிழமை வந்திருந்தது.

ஊரில் அவளுக்கு வேலை, பள்ளியைப் பாதியில் விட்ட பதினேழு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. நகராட்சிக்குச் சொந்தமான மார்க்கெட் கட்டடத்தின் மாடியில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அதன் கீழே அவளுடைய அக்கா இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். பிள்ளைகள் அவளைப் பெரியக்கா என்று கூப்பிட்டதால் இவள் சின்னக்கா ஆனாள். பிள்ளைகள் வருவார்கள், ஜன்னலில் தொற்றிக்கொண்டு தெருவைப் பார்ப்பார்கள், அரை மணியில் கலைந்துவிடுவார்கள். அவர்களுக்கு எதைக் கண்டும் பயம் கிடையாது, கவுன்ட்டரைத் தவிர. கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் போதும், நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போன ஒருவன், முறை வந்ததும், "இங்க தண்ணி குடிக்க எங்க போகணும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்திருந்தான். ஒரு நாள் நகராட்சி அதிகாரி மாடியேறி வந்தார். அறையில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள், அதில் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். "உடைஞ்ச நாற்காலி போட எங்களுக்கு இடம் இல்லம்மா. நாலு மாசம் கழிச்சு வரேன். பதினேழு பேரும் ஒரே வேலைல ஒரு மணி நேரம் உக்காந்திருக்கறத என் கண்ணால பாத்தா ரூம் உங்களுக்கு. இல்லேன்னா நாற்காலிக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இளைஞர்களோடு வேலை செய்கிறவர்களுக்கு, பாடம் சொல்லித்தரும் விளையாட்டுகளைத் தாமே செய்யக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி ஒன்று வேறொரு நாட்டில் நடந்தது. பன்னிரண்டு நாள். சின்னக்கா விண்ணப்பம் போட்டாள், இடம் கிடைத்தது. "பதினேழு பேர உக்கார வைக்க ஏரோப்ளேன் ஏறணுமாடி? எங்கிட்ட அனுப்பு, தேய்ச்சு மடிச்சு அடுக்கி வெச்சிடறேன்" என்றாள் பெரியக்கா. சொல்லிவிட்டு, தங்கை எடுத்துப்போகும் ஆறு உடுப்புகளையும் மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தாள்.

பயிற்சி நடந்தது ஒரு பழைய பள்ளிக்கூடத்தில். சொல்லிக்கொடுத்தவர் கழுத்தில் விசில் மாட்டிய உயரமான பெண்மணி. முதல் நாள் அவர், விதிகள் எழுதிய தாள் இல்லாத விளையாட்டுப் பெட்டிகளைக் கொடுத்து, ஆடியே விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். இரண்டாம் நாள், எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு ஒன்றிலிருந்து ஒரே ஒரு விதியை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்கச் சொன்னார். பெரும்பாலும் சண்டை ஆனது. மூன்றாம் நாள் ஆளுக்கொரு கெட்டி அட்டையும் கத்தரிக்கோலும் வந்தன. "உங்க பிள்ளைங்க எதப் பாத்து பயப்படறாங்களோ, அதுதான் உங்க பலகை" என்றார். சின்னக்கா நாற்பது கட்டம் வரைந்தாள். ஒவ்வொரு கட்டமும் ஒரு கவுன்ட்டர்: வங்கி, மருத்துவமனை, பேருந்து நிலையம், காவல் நிலையம், நகராட்சி. காய்களுக்குப் பதில் சட்டைப் பட்டன்கள். பகடை உருட்டி ஒரு கட்டத்துக்கு வந்தவர் அங்கிருக்கும் சீட்டை எடுத்து, அதில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். அவருக்கு இடதுபக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் குமாஸ்தா. குமாஸ்தா லேசில் கொடுக்கக் கூடாது. அவர் "சரி" என்று சொன்னால்தான் நகரலாம். நாற்பதைத் தாண்டினால் மறுபடி ஒன்றாம் கட்டம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு விளையாட்டை மற்றவர்கள் முதல் தடவை ஆடிப் பார்க்கும்போது, அதைச் செய்தவர் தள்ளி உட்கார்ந்து வாயே திறக்கக் கூடாது. "நாளைக்குப் பெட்டிக்குள்ள உங்களையும் மடிச்சு வெச்சு அனுப்ப முடியாது. தாள்ல இருக்கறது மட்டும்தான் போகும்" என்பார் பயிற்சியாளர். பேசாமல் இருப்பது சின்னக்காவுக்குப் பிறவியிலேயே வந்த வித்தை. ஆறு பேர் உட்கார்ந்தார்கள், அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். மூன்றாவது சுற்றில்தான், ஆட்டம் எப்படி முடியும் என்று எழுத மறந்துவிட்டது அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். அது நின்றிருந்தது. வழக்கம் வழக்கம்தான் என்று வாயை மூடிக்கொண்டாள். ஜன்னலில் வெளிச்சம் போனது, வந்தது, மறுபடி போனது. பயிற்சியாளர் சாப்பிடக் கூப்பிட வந்து, சற்று நேரம் பார்த்துவிட்டு, நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போனார். ஆடியவர்களில் ஒரு தச்சர் இருந்தார், தன் நாட்டில் பிள்ளைகளுக்கு மரவேலை சொல்லித்தருகிறவர். செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக் கட்டத்துக்கு வந்தவர் அங்கேயே கிடந்தார். அவருடைய குமாஸ்தா அவ்வளவு கெட்டி. வெள்ளிக்கிழமை பயிற்சியாளர் உள்ளே வந்து விதித்தாளைப் படித்து, கடைசியில் பென்சிலால் ஒரு வரி எழுதினார்: நாற்பதாம் கட்டத்தை முதலில் தொட்டவர் வென்றார், ஆட்டம் முடிந்தது. உடனே ஒருவர் தொட்டார். எல்லோரும் எழுந்தார்கள். அதன் பிறகு கடிகார முட்கள் கிறுகிறுவென்று சுற்றி, மூச்சிரைக்க வெள்ளிக்கிழமையைப் பிடித்தன.

"முடிவ எழுத மறக்கறது எல்லாரும் பண்ற தப்புதான். கடிகாரத்த நிறுத்தறது மட்டும் நான் சொல்லித் தராதது" என்றார் பயிற்சியாளர். தச்சர் அவளைத் தனியாகப் பார்த்து நன்றி சொன்னார். "மூணு நாள் ஆஸ்பத்திரியிலயே இருந்தேன். ஆனா உடம்பு தேறிடுச்சு."

ஊருக்கு வந்து, இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பதினேழு பட்டன்களோடு பென்சில் வரி சகிதம் ஆடவிட்டாள். முதல் ஆட்டம் ஐம்பத்தொரு நிமிடம் ஓடியது. இன்னும் ஒன்பது நிமிடம்தானே, தேற்றிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் நாற்பத்துமூன்று ஆனது. பிறகு முப்பத்தெட்டு. பிள்ளைகளுக்குப் பேச்சு வந்துவிட்டது. குமாஸ்தா எவ்வளவு முறைத்தாலும் கேட்க வேண்டியதை நிமிர்ந்து கேட்டு, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் எங்கே என்று கேட்டவன் நிஜமாகவே போய்ப் பிறப்புச் சான்றிதழோடு வந்தான், அதிலிருந்த எழுத்துப்பிழையையும் திருத்தி வாங்கியிருந்தான். பயம் குறையக் குறைய ஆட்டமும் குறைந்தது. சின்னக்கா கட்டங்களைக் கூட்டினாள், சீட்டுகளைக் கடினமாக்கினாள், பிள்ளைகளையே புதுச் சீட்டுகள் எழுதச் சொன்னாள். அதிகாரி வருகிற வாரம் ஆட்டம் இருபத்தாறு நிமிடத்தில் வந்து நின்றது. அவள் கடைக்குள் வந்து துணிமூட்டைமேல் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். "பிள்ளைங்க நல்லா கத்துக்கிச்சுங்கன்னு அழறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றாள் பெரியக்கா.

அதிகாரி சொன்ன நாளில் கோப்போடு வந்தார். பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். சின்னக்கா விதித்தாளை எடுத்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், பென்சில் வரியை ரப்பரால் அழித்து, தூளை ஊதிவிட்டாள். ஆட்டம் தொடங்கியது. அதிகாரியின் கைக்கடிகாரம் பதினொன்று ஐந்தில் நின்றது. உதறினார், காதில் வைத்துப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்திலும் கைப்பேசியிலும் அதே பதினொன்று ஐந்து. படியிறங்கித் தெருவுக்குப் போனால் ஓடியது, உள்ளே வந்தால் பதினொன்று ஐந்துக்கே திரும்பியது. பதினேழு பேரில் பெரிய வாய்க்காரியான ஒருத்திக்கு மைக்செட் என்று பெயர். அவள்தான் இரக்கப்பட்டாள். "எவ்வளவு நேரம் சார் நிப்பீங்க? ஒரு பட்டன் எடுத்துக்கிட்டு உக்காருங்க." அவர் ஒரு கோட்டுப் பட்டனை எடுத்து அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து உருட்டினார். நகராட்சிக் கட்டம் விழுந்தது. சீட்டில், 'இந்த மாடி அறையை எங்களுக்கே தரச் சொல்லிக் கேட்கவும்' என்று பிள்ளைகளில் யாரோ எழுதியிருந்தார்கள். இடதுபக்கம் மைக்செட் முதுகை நிமிர்த்திக் குமாஸ்தா ஆனாள்.

"இந்த ரூம இந்தப் பிள்ளைங்களுக்குக் குடுக்கணும்" என்றார் அதிகாரி.

"எந்தப் பிள்ளைங்களுக்கு?"

"இதோ உக்காந்திருக்காங்களே, இவங்களுக்குத்தான்."

"வாயால சொன்னா ஆச்சா சார்? லிஸ்ட் எங்க?"

"ஆபீஸ்ல இருக்கும்மா."

"அப்ப போய் எடுத்துக்கிட்டு வாங்க. மூணு காப்பி. மத்தியானத்துக்கு மேல நான் சீட்ல இருக்க மாட்டேன்."

இருபத்திரண்டு வருடமாகத் தான் சொல்லிவரும் இந்த வாக்கியத்துக்கு இத்தனை படிக்கட்டுகள் உண்டா என்று எண்ணியபடி அதிகாரி இறங்கிப் போனார்.

மறுநாள் பட்டியலோடு வந்தார். அதில் வரைபடம் இணைக்கப்படவில்லை. வரைபடம் வந்தபோது பொறியாளர் கையெழுத்து இல்லை. கையெழுத்து வந்தபோது அது வேறு மாடிக்கு. இப்படிப் பதினோரு மாதம் போனது. ஒவ்வொரு அலுவலகத்திலும் அவர் நிஜமான வரிசையில் நின்று நிஜமான காகிதங்களை வாங்கி வந்தார். ஆய்வறிக்கை எங்கே என்று மேலதிகாரி கேட்டால், "இன்னும் ஒரு மணி நேரம் ஆகல சார்" என்றார்; அது உண்மை. இதற்குள் பிள்ளைகள் நடுநடுவே எழுந்துபோய் வங்கிக் கணக்கு தொடங்கினார்கள், ஓட்டுநர் உரிமம் வாங்கினார்கள், நான்கு பேர் வேலைக்குச் சேர்ந்து சாயங்காலங்களில் மட்டும் வந்தார்கள். அறைக்குள் இருக்கும் நேரத்துக்கு வயது ஏறாததால், மீசைக்கு அவசரப்பட்டவர்கள் அவ்வப்போது தெருவில் போய் நின்றுவிட்டு வந்தார்கள்.

கடைசியில் ஆணையர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஆணை வந்தது. மைக்செட் அதை இரண்டு தடவை படித்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. "சரி" என்றாள், அரை மனதாக. கூச்சல் கேட்டுப் பெரியக்கா யாருடையதோ பாதி தேய்த்த சட்டையைக் கையில் பிடித்தபடி மாடியேறி வந்தாள். சின்னக்கா ஒரு மூச்சு விட்டு, அழித்த வரியை மறுபடி எழுதப் பென்சிலை எடுத்தாள். அதிகாரி தாளின் மேல் கையை வைத்தார்.

"இருங்கம்மா. பதினோரு மாசம் ஒரே கட்டத்துல நின்னிருக்கேன். இப்பதான் நகரப் போறேன்."

பகடையை உருட்டினார், நான்கு விழுந்தது. பேருந்து நிலையம்.

அந்த அறை பிள்ளைகளுக்கே வழங்கப்பட்டது என்ற ஆணையும், அவர்களுக்கு அறை கொடுக்கலாமா என்று பார்க்கும் ஒரு மணி நேர ஆய்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்ற குறிப்பும் நகராட்சியில் ஒரே கோப்பில், ஒரே நாடாவில் கட்டப்பட்டிருக்கின்றன. இது எப்படி என்று விசாரிக்க வருகிற அலுவலர்களுக்கு, அதிகாரியின் இடதுபக்கம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்கிறார்கள்.