ஆம்ப் மேல் இருக்கும் இஞ்ஞாசிமுத்து

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இஞ்ஞாசிமுத்து மலேசியாவில் திகாம் பத்து என்ற ஊரில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பி வந்து, மகன் கித்தாருக்கு வைத்திருந்த ஆம்ப் என்னும் ஒலிபெருக்கிப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். சவப்பெட்டிக்குள் வைத்தபோது போட்டுவிட்ட கோட்டைக் காணோம்; வழக்கமான கட்டம்போட்ட கைலியில் இருந்தார். சாப்பிடுகிறீர்களா என்று மனைவி கேதரின் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினார். பக்கத்து வீட்டு காஞ்சனா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஆள் கொஞ்சம் இளைத்துவிட்டார் என்று சொல்லிப் போனாள். பேசும்படியாக அன்று வேறொன்றும் நடக்கவில்லை.

மகன் கெல்வினைப் பற்றியும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து நகரமான சுங்கை பட்டாணியில் நடக்கும் கல்யாண விருந்துகளில் கித்தார் வாசிப்பவன். வாசிப்பவன் என்று ஒரு மரியாதைக்குச் சொல்வது. அவன் கம்பியைத் தொட்டால் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி ஒரு சத்தம் கிளம்பும், கைக்குழந்தைகள் வீறிடும். நிறைவான, இதமான டோன் வேண்டும் என்று அவன் செய்யாத கூத்தில்லை. தடித்த கம்பி போட்டான், கம்பிக்கு அடியில் இருக்கும் பிக்கப் காந்தத்தை மாற்றினான், காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் சோப்புப் பெட்டி அளவுப் பெட்டிகளாக வாங்கி அடுக்கினான். கண்ணாடிக் குழாய்கள் சூடேறினால்தான் சத்தம் வரும் பழைய ட்யூப் ஆம்ப் ஒன்றைத் தேடிப் பிடித்தான். கீச்சென்று கத்தும் ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்துப் பார் என்று கூட வாசிப்பவர்கள் சொன்னால் மட்டும் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வான். உயிரோடிருந்த காலத்தில் இஞ்ஞாசிமுத்து, "டேய், பாட்டு வாசிக்கிறியா, பானை வெளக்குறியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஐஸ் கம்பெனி வேலைக்குப் போய்விடுவார்.

அவர் வந்து உட்கார்ந்ததும் அந்தச் சத்தம் மாறிற்று. முன்னால் தொங்கிய கைலி ஸ்பீக்கரின் கூர்மையைப் பிடித்து நிறுத்தியது. செத்தவரின் பாரம் மரப்பெட்டியை அமுக்கியது. உள்ளேயிருந்து வந்த ஓசை சூடான கஞ்சி தொண்டையில் இறங்குவதுபோல இருந்தது. விருந்துகளில் கோழிக்காலைக் கையில் பிடித்தபடி ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆம்பைத் தூக்கினால் அவரும் சேர்ந்தே வருவார், தூக்குகிறவன் கைக்கு மட்டும் அந்தப் பாரம் தெரியாது. சாலைத் தடுப்பில் ஒருமுறை போலீஸ்காரர் வேனுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, பின்னால் இருக்கும் பெரியவர் ஏன் பெல்ட் போடவில்லை என்று கேட்டார்.

வேறு பிள்ளையாக இருந்தால் அப்பனுக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பான். இந்த மகராசன் செய்தது என்ன தெரியுமா? அருமையான கிளீன் டோன் எடுப்பது எப்படி என்று யூடியூபில் பாடம் நடத்த ஆரம்பித்தான். அப்பாவின் முட்டிக்கு மேல் தெரியாதபடி கேமராவை வைத்தான். ஸ்பீக்கர் முன்னால் தொங்கும் துணி என்னவென்று கேட்டவர்களுக்கு, ஜப்பானிலிருந்து வரவழைத்தது என்றான். ரகசியம் தன் விரலில் இருக்கிறது என்றான். அலோர் ஸ்டாரிலும் பினாங்கிலும் பையன்கள் அவன் சொன்ன பெட்டிகளையெல்லாம் வாங்கிக் குவித்தார்கள். ஒருத்தனுக்கும் அந்த டோன் வரவில்லை. எப்படி வரும், எவன் வீட்டில் அப்பன் வந்து உட்கார்ந்திருக்கிறான்? சொல்லிச் சொல்லி கடைசியில் கெல்வினே அந்தப் பொய்யை நம்பிவிட்டான். ஊரும் நம்பியது. நம்மூர் ஆட்களுக்கு எதையாவது நம்பாவிட்டால் தூக்கம் வராது.

கேதரின் மட்டும் டோனைப் பற்றிக் கவலைப்படவில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்த மனுஷன் அவள் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. ஐஸ் கம்பெனியில் எலும்புவரை விறைத்துப்போய் வருவார், தின்பார், வாசலில் வெயிலைத் தேடிப் போய் நிற்பார். இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் அவள் ஆம்ப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு பூண்டு உரிப்பாள், சர்ச் கதை, மார்க்கெட் கதை எல்லாம் சொல்வாள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். புருஷன் என்று ஒருவன் கிடைத்ததே இப்போதுதான் என்று காஞ்சனாவிடம் வெட்கப்படாமல் சொன்னாள்.

அப்போது ஒரு கடைக்காரன், கெல்வினுடைய வீடியோக்களைப் பார்த்து மயங்கி, ட்யூப் இல்லாத, சூடே ஏறாத புது டிஜிட்டல் ஆம்ப் ஒன்றைச் சும்மா அனுப்பிவைத்தான். விரலில் டோன் வைத்திருப்பவனுக்குப் பழைய பெட்டி எதற்கு? கெல்வின் பழையதை விற்றான். செமிலிங்கிலிருந்து யோகேந்திரன் என்பவர் மனைவி நளினியோடு வேனில் வந்து இறங்கினார். கேதரின் மார்க்கெட்டிலிருந்து திரும்பியபோது ஆம்ப் வேனுக்குள் இருந்தது, அதன்மேல் இஞ்ஞாசிமுத்தும் இருந்தார்.

"டேய், என்னடா பண்றே? அப்பா உக்காந்திருக்காருடா!"

"எறங்கச் சொல்லுங்கம்மா. நானா புடிச்சு வெச்சிருக்கேன்?"

கேதரின் வேனுக்குள் தலையை நீட்டி, "எறங்கி வாங்க, நம்ம வீட்டுக்குள்ள போலாம்" என்றாள். இஞ்ஞாசிமுத்து செத்தபிறகு முதல் தடவையாக வாய் திறந்தார்.

"மத்த எடமெல்லாம் குளிருது கேதரின். இது மேலதான் சூடு இருக்கு."

அவள் அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் கட்டியாக இருந்தது. யோகேந்திரன் நல்ல மனுஷன், அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "அக்கா, வேணாம்னா எறக்கி வெச்சிடுறேன்" என்றார்.

"பேசுனது பேசுனதுதான்லா ப்ரோ" என்றான் கெல்வின். "அவரையும் சேத்தே எடுத்துட்டுப் போங்க. வீட்டுல எடத்த அடைக்குது."

பெற்ற அப்பனை. கேதரின் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. உள்ளே போய் நாலு துணியையும் ஜெபமாலையையும் ஒரு பையில் போட்டு எடுத்துவந்து, வேனில் ஏறிப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நளினி இடம் விட்டு நகர்ந்துகொண்டாள். வேன் கிளம்பும்போதுதான் கெல்வினுக்கு உறைத்தது. "மா, அப்ப எனக்கு ராத்திரி சாப்பாடு?" என்று கத்தினான்.

கெல்வின் இன்னும் பாடம் நடத்துகிறான். தகரம் பழையபடி கத்துகிறது. இதுதான் லேட்டஸ்ட் டோன் என்கிறான், கேட்கவும் ஆள் இருக்கிறது. செமிலிங்கில் பின்கட்டு அறையை இவர்களுக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். யோகேந்திரனுக்கு வாசிக்கவே வராது. தட்டுத் தடுமாறி எதையோ வாசிப்பார், அது கேட்க நன்றாக இருக்கும். யாரும் வாசிக்காவிட்டாலும் பொழுது சாயும் நேரத்தில் கேதரின் ஆம்ப் சுவிட்சைப் போட்டுவிடுவாள். மழை வந்தால் மத்தியானமே போட்டுவிடுகிறாள்.